குளிசை

"டீச்சர், அந்த மலேரியாக் குளிசையாலதானே என்ட புள்ளைக்கு இப்பிடி ஆனது?"

2024 வைகாசி. மட்டக்களப்பில், எங்கள் ஊர்க் கண்ணகி அம்மன் கோயிலில் கதவு திறந்து இரண்டாம் நாள். பந்தலில் இருந்து வெற்றிலை துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தோம். புஷ்பம் இதைக் கேட்டபோது கையை நிறுத்தவில்லை. ஒரு வெற்றிலையை எடுத்து ஈரத் துணியால் துடைத்தாள், காம்பை ஒரு பக்கமாக வைத்தாள், அடுத்ததை எடுத்தாள். எனக்குத்தான் கை நின்றுவிட்டது.

"ஆர் சொன்னது அப்பிடி?" என்றேன்.

"நீங்கதானே சொன்னீங்க."

அதற்குள் யாரோ பூத்தட்டோடு வந்தார்கள், பேச்சு அப்படியே அறுந்துபோனது. அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்கு முடிந்து கதவு அடைக்கும் வரைக்கும் அந்த ஒரு வசனம் என்னை விடவில்லை. குளிர்த்திப் பாடல் படிக்கும்போது ஊரே கண்ணீர் விடும். நானும் அழுதேன், ஆனால் அம்மனை நினைத்து அல்ல. நான் எப்போது அப்படிச் சொன்னேன் என்று தேடிக்கொண்டிருந்தேன். தேடினால் கிடைத்தது. உண்மையிலேயே நான்தான் சொல்லியிருக்கிறேன்.

புஷ்பம் எனக்கு ஐந்து வயது இளையவள். அவளுடைய மூத்த பிள்ளை உயர்தரத்தில் என்னிடம் உயிரியல் படித்தது. இருவரின் பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன். பிள்ளையை நிலானி என்று வைத்துக்கொள்வோம். படித்த காலத்தில் பாடசாலை இடாப்பில் வேறு பெயர் இருந்தது, அது இங்கே தேவையில்லை. நிலானி ஒரு திருநங்கை. 2016இல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை வந்த பிறகு மனநல மருத்துவரிடம் போய், பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெற்று, பிறப்புச் சான்றிதழிலும் திருத்தம் செய்துகொண்டாள். இப்போது ஒரு அரிசி ஆலையில் கணக்குப் பார்க்கிறாள். கணக்கில் அவள் அப்போதும் கெட்டிக்காரிதான்.

2017இல், அவள் சேலை உடுத்து வீட்டுக்கு வந்து ஒரு மாதம் இருக்கும், புஷ்பம் பஸ் ஏறி என்னைத் தேடி வந்தாள். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை. திண்ணையில் தூணோடு சாய்ந்து குந்திவிட்டாள். ஊர் என்ன சொல்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பத்து வயதில் கூத்தில் பெண் வேசம் கட்ட விட்டதுதான் காரணம் என்று மச்சாள்மார். தங்கச்சியின் சட்டையைப் போட்டு விளையாடியபோது அடித்துத் திருத்தவில்லை என்று மாமியார். தகப்பன் வெளிநாட்டில் இருந்தான், தாய் தனியே வளர்த்தாள், செல்லம் கூடிப்போச்சு என்று மற்றவர்கள். "எல்லாப் பிழையும் என்ட தலையிலதான் டீச்சர்" என்றாள்.

எனக்குக் கோபம் பொங்கியது. முப்பது வருடம் உயிரியல் படிப்பித்தவள் நான். ஒரு தாயை இப்படிப் பழி சொல்லிக் கொல்வதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா? கொப்பி ஒன்றை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் திண்ணையில் இருந்தேன். அரை மணி நேரம் கதைத்தேன். இது வளர்ப்பால் வருவது இல்லை. வயிற்றுக்குள் பிள்ளை உருவாகும்போதே தீர்மானமாகிற விஷயம். முதல் மூன்று மாதத்தில் உடல் ஆணா பெண்ணா என்று பிரிந்துவிடும், மூளை அதற்குப் பிறகுதான் பிரியும், அந்த இரண்டு நேரத்திலும் ஓமோன் வேறு வேறு அளவில் இருந்தால் உடல் ஒரு பக்கமும் மூளை ஒரு பக்கமும் போய்விடும். விஞ்ஞானிகள் மூளையை வெட்டிப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்கள். இப்படியெல்லாம் சொன்னேன். வயிற்றுப் பிள்ளையின் படம்கூட வரைந்து காட்டினேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தேத்தண்ணி குடித்து, நாலு மணி பஸ்ஸில் போனாள். ஒரு நல்ல காரியம் செய்தேன் என்று அன்று இரவு நிம்மதியாகப் படுத்தேன்.

ஏழு வருடம் கழித்துத்தான் தெரிந்தது, ஊர் அவள் தலையில் வைத்த சுமையை நான் இறக்கி அவள் வயிற்றில் வைத்திருக்கிறேன் என்று.

நான் சொன்னதும் சொல்லாததும்

நான் சொன்னதில் பொய் இல்லை. வளர்ப்பு ஒருவரை ஆணாகவோ பெண்ணாகவோ ஆக்கிவிடாது என்பதற்கு மனதை உருக்கும் சாட்சி உண்டு. கனடாவின் வினிபெக் நகரில் 1965இல் இரட்டையரில் ஒருவராகப் பிறந்த டேவிட் ரைமர். சுன்னத்துச் சிகிச்சையின்போது நடந்த விபத்தில் குழந்தையின் ஆணுறுப்பு அழிந்துபோனது. ஜான் மணி என்ற உளவியலாளரின் ஆலோசனைப்படி அந்தக் குழந்தையைப் பெண் பெயர் வைத்து, பெண் உடுப்பு உடுத்தி, பின்னர் பெண் ஓமோனும் கொடுத்து வளர்த்தார்கள். பரிசோதனை வெற்றி என்று உலகம் முழுவதும் பேசப்பட்டது. ஆனால் அந்தப் பிள்ளை சின்ன வயதிலிருந்தே அதற்குள் அடங்கவில்லை. பதினான்கு வயதில் உண்மை தெரிந்ததும் ஆணாகவே வாழத் தொடங்கினார். மில்டன் டயமண்டும் கீத் சிக்மண்ட்சனும் 1997இல் இதை வெளியிட்ட பிறகுதான் உலகத்துக்கு மறுபக்கம் தெரிந்தது. 2004இல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அத்தனை பேர் கூடி நின்று வளர்த்தும் முடியாத காரியத்தை, ஒரு கூத்து வேசம் செய்துவிட்டது என்று சொன்னால் யார் நம்புவது? எங்கள் ஊர்களில் எத்தனை தலைமுறை ஆண்கள் பெண் வேசம் கட்டியிருக்கிறார்கள். விடியும் மட்டும் ஆடிவிட்டு, சேலையையும் கொண்டையையும் கழற்றி வைத்துவிட்டு வயலுக்குப் போனவர்கள்தானே.

ஓமோன் கதையும் வெறும் ஊகம் இல்லை. 1959இலேயே கினிப்பன்றிகளில் பார்த்துவிட்டார்கள். சினையாக இருந்த கினிப்பன்றிகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது, பிறந்த பெண் குட்டிகள் வளர்ந்து ஆண் போல நடந்துகொண்டன. கருவில் இருக்கும்போது ஓமோன் மூளையில் ஒரு தடம் பதிக்கிறது என்ற எண்ணம் அங்கேதான் தொடங்கியது.

பிறகு 1995. ஆம்ஸ்டர்டாமில் டிக் ஸ்வாப்பும் கூட்டாளிகளும் இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்து 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். மூளையின் ஆழத்தில் ஒரு சின்ன நரம்புக்கரு, அதாவது நரம்புக்கலங்களின் கூட்டம், அரிசிமணியை விடச் சிறியது. ஆண்களில் அதன் சராசரிக் கனவளவு ஏறத்தாழ 2.5 கன மில்லிமீட்டர், பெண்களில் 1.7. திருநங்கையரில் பார்த்தால் 1.3. பெண்களின் பக்கம். நான் புஷ்பத்துக்கு 'வெட்டிப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்கள்' என்று சொன்னது இதைத்தான். எங்கோ ஒரு சஞ்சிகையில் வாசித்த நாளிலிருந்து இந்த ஆய்வை நெஞ்சில் வைத்திருந்தேன், அவ்வளவு பிடித்திருந்தது.

பிடித்திருந்ததாலேயே மிச்சத்தை நான் தேடவில்லை. அந்த ஆய்வில் இருந்த திருநங்கையர் ஆறே பேர். ஆறு பேருமே உயிரோடு இருக்கும்போது பெண் ஓமோன் எடுத்தவர்கள். அந்த ஓமோனே மூளையை மாற்றியிருக்குமோ என்ற கேள்வி அப்போதே எழுந்தது. ஆய்வாளர்கள் அதற்குப் பதில் சொல்லி, 2000இல் நரம்புக்கலங்களை எண்ணிப் பார்த்து இன்னொரு கட்டுரையும் எழுதினார்கள். ஆனால் 2002இல் அதே குழுவே இன்னொன்றைக் கண்டது. ஆணுக்கும் பெண்ணுக்கும் அந்த நரம்புக்கருவில் உள்ள பருமன் வித்தியாசம் வளர்ந்த வயதில்தான் தெளிவாகத் தெரிகிறது. நிலானிக்கு எத்தனை வயதில் தெரியும்? நாலு வயதில் "நான் அக்காவாத்தானே வருவன்?" என்று கேட்ட பிள்ளை அது. அப்படியானால் அந்த அரிசிமணி இதற்குக் காரணமா, இல்லை இதனோடு கூட வந்ததா, இல்லை இப்படி வாழ்ந்ததால் வந்ததா? இந்தக் கேள்வியை நான் புஷ்பத்திடம் சொல்லவில்லை. எனக்கே நான் சொல்லிக்கொள்ளவில்லை.

இரட்டையர் ஆய்வுகளும் அப்படித்தான். 2012இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அதுவரை பதிவான சம்பவங்களைத் திரட்டினார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 23 சோடிகளில் 9 சோடிகளில் இருவருமே பால் மாறி வாழ்ந்தார்கள், இரண்டு கருவிலிருந்து வந்த ஒரே பால் இரட்டையர் 21 சோடிகளில் ஒன்றுகூட இல்லை. பரம்பரையலகில் ஏதோ இருக்கிறது என்று கை நீட்டிக் காட்டுகிற எண்கள். சரி. ஆனால் 2022இல் சுவீடனின் தேசியப் பதிவேட்டைப் பார்த்தவர்களுக்கு ஒரே பால் இரட்டையரில் ஒரு சோடிகூட ஒத்துவரவில்லை. ஆணும் பெண்ணுமாகப் பிறந்த இரட்டையரிலோ 37 சதவீதம் ஒத்துவந்தது. அது ஒரே வயிற்றில் கிடந்த சூழலின் பக்கம் கை காட்டுகிறது. உயர்தர மாணவருக்கு இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கொடுத்து 'விளக்குக' என்று கேட்டால், நல்ல மாணவர் யாரும் ஒரு வரியில் முடிவு எழுத மாட்டார்கள். நான் திண்ணையில் இருந்துகொண்டு ஒரு வரியில் எழுதினேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2009ஆம் ஆண்டு வகுப்பில் இலிங்க நிர்ணயம் படிப்பித்தேன். எக்ஸ் எக்ஸ் பெண், எக்ஸ் வை ஆண் என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால் நிலானி எழுந்து நின்றாள். "டீச்சர், உடம்புக்குச் சரி. நான் ஆர் எண்டு எனக்குத் தெரியுதே, அதுக்கும் இதுதானா?" நான் சோக்குத் தூளைத் தட்டிக்கொண்டே, "அது சோதினைக்கு வராது, இரு" என்றேன். அவள் இருந்துவிட்டாள். அந்தத் தவணையில் அதற்குப் பிறகு அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எட்டு வருடம் கழித்து அவளுடைய தாய்க்கு அரை மணி நேரம் விடை சொன்னவள், கேட்ட பிள்ளைக்கு அன்று ஒரு நிமிடம் கொடுக்கவில்லை.

வயிற்றுவார்

எங்கள் பக்கத்தில் குடி, அதாவது குலப் பிரிவு, தாய்வழி. பிள்ளை எந்தக் குடி என்றால் தாய் எந்தக் குடி என்றுதான் பார்ப்பார்கள். ஆண் பிள்ளையும் தாயின் குடிதான், பெண் பிள்ளையும் தாயின் குடிதான். அந்த வழிக்கு வயிற்றுவார் என்றே பெயர். வீடும் வளவும் பெண் பிள்ளைக்கு. கலியாணம் முடித்த ஆண் மனைவி வீட்டுக்குப் போய்ச் சேருவான். கோயில் திருவிழாவில் எந்த நாள் யாருக்கு என்பதும் குடியை வைத்துத்தான். வயிற்றுக்கு இவ்வளவு மதிப்பு வைத்த ஊரில், 'காரணம் வயிற்றுக்குள்ளே' என்று சொன்னால் அது எங்கே போய் விழும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். நான் கருப்பையை ஒரு பாடப் படமாகப் பார்த்தேன். அவளுக்கு அது அவள் வயிறு.

சடங்கு முடிந்த அடுத்த ஞாயிறு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் முழுதையும் சொன்னாள்.

1990 ஆனியில் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை மறுபடி தொடங்கியபோது அவளுக்கு இரண்டு மாதம். ஊரோடு சேர்ந்து, அகதி முகாமாகிவிட்ட வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்துக்கு ஓடினார்கள். அந்த வருடம் அங்கே என்ன நடந்தது என்று மட்டக்களப்பாருக்கு நான் எழுதத் தேவையில்லை. மரத்தடியிலும் விரிவுரை மண்டபங்களிலும் சனம். நுளம்பு. பிள்ளைத்தாய்ச்சிகளைப் பதிந்து ஒரு கார்ட் கொடுத்து, கிழமைக்கு இரண்டு மலேரியாக் குளிசை கொடுத்திருக்கிறார்கள். வேப்பெண்ணெய் மாதிரிக் கசக்குமாம். "வாயில வச்சிட்டு அங்கால போய்த் துப்பின ஆக்களும் இரிந்தாங்க டீச்சர். நான்தான் புள்ளைக்கு நல்லமெண்டு ஒண்டு விடாமக் குடிச்சன்."

அப்புறம்தான் அவள் விரல் மடக்கினாள். வைகாசி, ஆனி, ஆடி, ஆவணி. முதல் மூன்று மாதத்தில் உடல், அதற்குப் பிறகு மூளை என்று நான் சொல்லியிருந்தேன் அல்லவா? அந்தக் கணக்குப்படி மூளை பிரியத் தொடங்கிய நேரம் அவள் முகாமில் குளிசை குடித்துக்கொண்டிருந்தாள். நான் கொடுத்த மாதக் கணக்கு அவளுக்கு ஒரு திகதி கொடுத்துவிட்டது. அதற்குமுன் அவளிடம் இருந்தது ஊர்வாய் மட்டும்தான். ஊர்வாயை ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் காறித் துப்பிவிடலாம். டீச்சர் படம் வரைந்து சொன்னதை எப்படித் துப்புவது? ஏழு வருடமாக, நுளம்பு கடித்த ஒவ்வொரு முறையும் அவளுக்கு அந்தக் கசப்பு வாயில் வந்திருக்கிறது.

இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு ஆடி மாதம் நினைவுக்கு வந்தது. ஆணின் விதையை உருவாக்கத் தொடங்கிவைக்கும் பரம்பரையலகை, வை நிறமூர்த்தத்தில் இருப்பதை, லண்டன் ஆய்வாளர்கள் கண்டுபிடித்து உலகுக்கு அறிவித்தது 1990 ஜூலையில். எத்தனை வருடம் அந்தத் திகதியை வகுப்பில் சொல்லியிருப்பேன். அதே ஜூலையில் இந்தப் பெண் ஒரு மரத்தடியில், கசப்பை விழுங்கி, வயிற்றில் கை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் பிறகு அவளுக்குச் சொன்ன விஞ்ஞானம் அந்த மரத்தடியைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

கொப்பியோடு இரண்டாம் முறை

இந்த முறையும் கொப்பி கொண்டுபோனேன். ஆனால் படம் வரையவில்லை, எண்களை எழுதினேன். அதிரீனல் சுரப்பியின் பரம்பரைக் குறையால் சில பெண் குழந்தைகளுக்கு, வயிற்றில் இருக்கும்போதே ஆண் ஓமோன் மிகக் கூடுதலாகச் சுரக்கும். பிறப்புறுப்பே மாறித் தெரியும் அளவுக்கு. கருவில் ஓமோன் கூடினால் மனதின் பால் மாறிவிடும் என்றால், இவர்கள் எல்லோரும் தங்களை ஆண் என்றுதானே சொல்லவேண்டும்? 2005இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இவர்களைப் பற்றி எழுதப்பட்ட எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தார்கள். பெண்ணாக வளர்ந்த 250 பேரில், தன் பாலோடு கடும் முரண்பாடு இருந்தவர்கள் 13 பேர். மற்றவர்களில் பெரும்பாலோர் பெண்களாகவே இருந்தார்கள். 13 என்பது மற்றப் பெண்களில் இருப்பதை விடக் கூடத்தான், ஆகவே ஓமோனுக்கு ஏதோ பங்கு உண்டு. ஆனால் அது ஆளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிடுவதில்லை. "இவ்வளவு ஓமோனே செய்யாததை..." என்று சொல்லிக்கொண்டு போனேன்.

சண்டையும் பயமும் பட்டினியும் பற்றியும் அவள் யோசித்திருந்தாள். அதையும் ஒருவர் ஆராய்ந்திருக்கிறார் என்று சொன்னேன். கிழக்கு ஜெர்மனியில் குந்தர் டோர்னர் என்பவர், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தாய்மார் பட்ட துயரத்தால் தன்பாலீர்ப்புள்ள ஆண்கள் கூடுதலாகப் பிறந்தார்கள் என்று 1980இல் எழுதினார். திருநங்கையர் வேறு, தன்பாலீர்ப்பு வேறு. ஆனாலும் இரண்டையும் ஒரே வயிற்றுக் கதையில் போட்டுக் குழப்பும் பழக்கம் அங்கேயும் இருந்திருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் வேறு ஆய்வாளர்கள் தாய்மாரிடமே கேட்டுச் சோதித்தபோது அது நிற்கவில்லை. "ஒன்றை மட்டும் யோசி புஷ்பம்," என்றேன், "அந்தக் கேம்பில உன்னோட எத்தனை பிள்ளைத்தாய்ச்சிகள்? அவ்வளவு பேரும் அதே குளிசை, அதே பயம், அதே கஞ்சி. அவங்கட பிள்ளைகள் எல்லாம் எங்க?"

அவள் யோசித்தாள். பக்கத்து வளவில் ஒருவன் இருக்கிறான், அதே முகாமில் கருவில் இருந்தவன். கலியாணம் கட்டி இரண்டு பிள்ளை. இன்னொருத்தி கட்டாரில். அவள் ஒவ்வொரு பேராகச் சொல்லச் சொல்ல, இது வேலை செய்கிறது என்று எனக்கு உள்ளூர ஆறுதலாக இருந்தது.

பிறகு அவள் என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள். "டீச்சர், இல்லையெண்டு சொல்றீங்களா, தெரியாதெண்டு சொல்றீங்களா?"

எனக்குத் தொண்டை அடைத்தது. ஏழு வருடத்துக்கு முன் தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொன்னதால்தானே இவ்வளவும். இப்போது 'இல்லவே இல்லை' என்று அடித்துச் சொன்னால் அவளுக்கு நிம்மதி. ஆனால் அதுவும் அதே மாதிரிப் பேச்சுத்தான், பக்கம் மட்டும் வேறு. மலேரியாக் குளிசை இதற்குக் காரணம் என்று காட்டிய ஆய்வு ஒன்றையும் நான் கண்டதில்லை. பிள்ளைத்தாய்ச்சிக்கு மலேரியா வந்தால் கரு கலையலாம், பிள்ளை எடை குறைந்து பிறக்கலாம், தாயே சாகலாம் என்பது உறுதி. ஆனால் ஒரு குறிப்பிட்ட ஆள், இந்த நிலானி, ஏன் இப்படி என்று கேட்டால் உலகில் எந்த ஆய்வுகூடத்திலும் விடை கிடையாது. ஆய்வுகள் சொல்வதெல்லாம் கூட்டத்தின் சராசரி. டெல் அவிவில் டாப்னா ஜோயலும் கூட்டாளிகளும் 1,400க்கு மேற்பட்ட மூளைப் படங்களைப் பார்த்து 2015இல் எழுதினார்கள். முழுக்க ஆண் பக்கமோ முழுக்க பெண் பக்கமோ நிற்கும் மூளை அரிது, பெரும்பாலானவர்களின் மூளை இரண்டும் கலந்த கலவைதான் என்று. என் மூளையை எடுத்துப் பார்த்தாலும் நான் ஏன் பெண் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் என்னிடம் ஒருவரும் காரணம் கேட்டதில்லை.

"குளிசையாலதான் எண்டு சொல்ல ஒரு ஆதாரமும் இல்ல புஷ்பம். ஏனெண்டது ஒருத்தருக்கும் தெரியா. எனக்கும் தெரியா. அண்டைக்குத் தெரிஞ்ச மாதிரிச் சொன்னது என்ட பிழை."

நிலானி குசினி வாசலில் இறால் உரித்துக்கொண்டு இருந்தாள். நாங்கள் கதைப்பது முழுதும் கேட்கும் தூரம். அவளைப் பற்றியே ஒரு மணி நேரம் கதைக்கிறோம், அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுவும் எனக்கு அவள் வாய் திறந்த பிறகுதான் உறைத்தது.

"அம்மா, குளிசைதான் எண்டே வச்சிக்கங்க," என்றாள். இறால் தலையைக் கிள்ளுவதை நிறுத்தவில்லை, தாயைப் போலவே. "அத நீங்க குடிக்கல்லெண்டா மலேரியா வந்து நீங்களும் இல்ல, நானும் இல்ல. குடிச்சீங்க, நான் வந்தன். வேற ஒரு புள்ள உங்கட வயித்துக்குள்ள இரிந்து, குளிசை அத எடுத்திட்டு என்னப் போடல்ல. வந்ததே நான்தான்."

புஷ்பம் ஒன்றும் பேசவில்லை. நானும்தான்.

அன்றிலிருந்து என் மனம் இந்த இடத்தில்தான் நிற்கிறது. காரணம் தேடும் எங்கள் எல்லோர் பேச்சுக்கும் அடியில் இன்னொரு பிள்ளை ஒளிந்திருக்கிறது. வந்திருக்க வேண்டிய பிள்ளை. கூத்து வேசம் கட்டாமல், ஓமோன் பிசகாமல், குளிசை படாமல், 'சரியாக' வந்திருக்க வேண்டிய ஒன்று. மாமியார் அந்தப் பிள்ளைக்காகத்தான் அழுதாள். ஏழு வருடம் புஷ்பம் அழுததும் அதற்காகத்தான். அரை மணி நேரம் படம் வரைந்த நானும், எவ்வளவு அன்போடு சொன்னாலும், எங்கே பிசகியது என்றுதான் காட்டிக்கொண்டிருந்தேன். 'யார் பிழையும் இல்லை' என்றேன், ஆனால் பிழை என்ற சொல்லை நான் கீழே வைக்கவில்லை. டோர்னரும் இப்படித்தான் போனார். காரணம் கருவில் என்றால் கருவிலேயே தடுக்கலாம் என்று பேசினார், அதற்காகச் சக விஞ்ஞானிகளிடமே கண்டனம் வாங்கினார். எங்கள் ஆசிரியர் அறையிலும் ஒருவர் என்னிடம் கேட்டார், "அப்ப ஸ்கேன்ல முன்னமே பாக்க ஏலுமா?" பார்த்து என்ன செய்வதற்கு என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

ஆய்வு வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். சொன்னால் நான் படிப்பித்த வருடங்களுக்குத் துரோகம். 'அடித்தால் திருந்திவிடும்' என்று சொல்லும் வாயை அடைக்க ரைமரின் கதை எனக்கு இன்றைக்கும் வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் நிலானி போன்றவர்களின் நிலையை மனநோய்ப் பட்டியலிலிருந்து எடுத்ததற்குப் பின்னாலும் எத்தனையோ பேரின் ஆய்வும் போராட்டமும் இருக்கிறது. நிலானிக்கு ஓமோன் எவ்வளவு கொடுத்தால் எலும்புக்கும் ஈரலுக்கும் நல்லது என்று பார்க்கவும் ஆய்வு வேண்டும், அதுதான் இப்போது அவளுக்கு உடனே வேண்டியது. மாதாமாதம் கொழும்புக்குப் போய் வருகிறாள். ஆனால் ஆறு மூளையின் சராசரியை எடுத்துக்கொண்டுபோய் ஒரு தாயின் மடியில் தீர்ப்பாக வைக்கக் கூடாது. அதை நான் செய்தேன்.

புறப்பட எழும்பினேன். புஷ்பம் "இரிங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு சொப்பிங் பையைக் கொண்டுவந்தாள். காணி உறுதி இரண்டு இருந்தது. வீடு இளைய மகளுக்கு எழுதியாயிற்று, பக்கத்து இருபது பேர்ச் வளவு நிலானிக்கு. பெண் பிள்ளைக்கு எழுதுவதுபோல எழுதியிருக்கிறாள், அதைப் பற்றி என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. அதற்குக் கீழே திருத்திய பிறப்புச் சான்றிதழ். அதற்கும் கீழே, நாலாக மடித்து, மடிப்பில் பிய்ந்து, தேத்தண்ணி நிறத்தில் ஒரு மட்டை. முகாமில் கொடுத்த கிளினிக் கார்ட். இத்தனை ஓட்டத்திலும் அதைத் தொலைக்காமல் வைத்திருக்கிறாள்.

"என்ன எழுதிரிக்கி எண்டு வாசிங்க. எனக்கு இங்கிலீசு தெரியாதே."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்தேன். நீல மை பாதி மங்கிவிட்டது. எடை 41 கிலோ. இரும்புக் குளிசை, போலிக் அமிலம். குளோரோகுயின் என்று எழுதி ஒவ்வொரு கிழமைக்கும் நேரே ஒரு சரி அடையாளம், ஒரு கிழமைகூட விடுபடவில்லை. கடைசி வரியில் இருபதாம் கிழமை, சிசுவின் இதயத்துடிப்பு கேட்டது என்று இருந்தது. வாசித்தேன்.

"ஓம், அது எனக்கு ஞாபகம்," என்றாள் புஷ்பம். "மிட்வைப் மிஸ் ஒரு குழாய வயித்துல வச்சிக் காதக் குடுத்துக் கேட்டா. சுத்தி ஒரே சத்தம், புள்ளையள் கத்துதுகள். எல்லாரையும் சத்தம் போடாதீங்க எண்டு சொல்லிட்டு, மறுகா கேட்டா. ஓடுது, நல்லா ஓடுது எண்டா."

நிலானி கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, தாயின் தோளுக்கு மேலாலே எட்டி அந்த வரியைப் பார்த்தாள். அதுவரைக்கும் அவள் அந்தக் கார்டைக் கண்டதில்லையாம். "இதத்தான் இவ்வளவு நாளும் ஒளிச்சி வச்சிரிந்தீங்களா?" என்று கேட்டு, மடிப்பு இன்னும் பிய்ந்துவிடாமல் இரண்டு கையாலும் வாங்கினாள்.

புஷ்பம் எழும்பிக் குசினிக்குள் போனாள். "இறால் வெந்திரும், சாப்பிட்டுட்டுத்தான் போகணும் டீச்சர்" என்று உள்ளேயிருந்து சொன்னாள்.